இன்ஸ்பெக்டர் ஊர்ப் பாட்டு

அந்தச் சத்தத்தை முதன்முதலில் கேட்டபோது என் இடது கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கட்டியிருந்தது. சவுதியில் ஜுபைல் கேம்ப் கிளினிக்கின் மேசை ஓரத்தில் இருந்த சின்ன சிடி பிளேயரிலிருந்து அது வந்தது. நூறு வாஷர்களைத் தகரத் தட்டில் கொட்டியது போல இருந்தது. ஆனால் ஒவ்வொரு வாஷரும் தன் இடம் தெரிந்து விழுந்தது. ஓர் அடிக்கு நான்கு என்று எண்ணினேன். சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினேன். நான்குதான். அதற்குள் பட்டையிலிருந்து காற்று இறங்கிவிட்டது. "நூத்தம்பத்தாறு. சார், நீங்க உள்ள கெடந்து எண்ணிட்டே இருந்தா இது எப்பிடிக் கொறையும்?" என்றார் மேல் நர்ஸ், அதாவது ஆண் நர்ஸ். பிறகு பிளேயரைக் காட்டி, "இது நம்ம இன்ஸ்பெக்டருக்க ஊர்ப் பாட்டு. புளூகிராஸ்னு பேரு" என்றார்.

நான் அப்போது அந்தக் கேம்பை நடத்திய ஒப்பந்தக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கணிதம் படித்தவன். போல்ட், நட், கேஸ்கெட் என்று எதை வெளியே கொடுத்தாலும் இரண்டு முறை எண்ணிக் கொடுப்பேன். படுத்த பிறகு பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று எழுந்து போய் மூன்றாவது முறையும் பார்ப்பேன். இன்றைக்கும் திருச்சியில் கேஸ் அடுப்பின் குமிழை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேல் நர்ஸுக்கு இந்தக் கவலைகள் கிடையாது. கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். மீன்பிடிக் குடும்பத்தில் முதல் ஆளாக நர்சிங் படித்தவர். பங்குக் கோயில் பாடகர் குழுவில் ஒன்பது வருடம் வயலின் வாசித்தவர். கேம்பில் அறுநூற்று நாற்பது பேர் இருந்தோம். அத்தனை பேரும் அவரை டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். முதலில் மறுத்துப் பார்த்திருக்கிறார். பிறகு, "காய்ச்சக்காரன்கிட்ட பதவி வெளக்கம் சொல்லிட்டு இருக்க முடியாது" என்று விட்டுவிட்டார்.

இன்ஸ்பெக்டர் என்று அவர் சொன்னது வெல்டிங் இன்ஸ்பெக்டரை. அமெரிக்காவில் நிலக்கரி எடுக்கும் மலைப்பக்கத்து ஊர். அறுபத்திரண்டு வயது. கையடக்கக் கண்ணாடியும் டார்ச்சுமாகக் குழாய்களுக்கு அடியில் நுழைந்து பார்ப்பார். பற்றவைப்பு சரியில்லை என்றால் மஞ்சள் சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். யாரையும் திட்டியதில்லை. அந்தக் குறியைப் பார்த்த வெல்டர்கள் திட்டினால்கூடத் தேவலை என்பார்கள். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அவர் மனைவி இறந்துபோனார். ஊருக்குப் போய் இருபத்தொரு நாளில் திரும்பி வந்து, மறுநாளே டார்ச்சை எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போய்விட்டார்.

ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஊசி போட ஐந்து நாள் அவர் அறைக்குப் போய் வந்த மேல் நர்ஸ், கட்டிலுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டியைப் பார்த்திருக்கிறார். உள்ளே பேஞ்சோ. எங்கள் ஊரில் பேஞ்சோ என்றால் பொத்தான்களை அமுக்கி வாசிக்கும் பலகை. திருவிழாக் கடையில் கிடைக்கும். இது வேறு. கஞ்சிரா மாதிரி வட்டமாகத் தோல் இழுத்துக் கட்டி, அதில் நீளமாக ஒரு கழுத்து வைத்தது. ஐந்து கம்பி. மனைவி போன பிறகு அவர் அதைத் தொடவில்லையாம். கம்பிகளைத் தளர்த்தி வைத்திருந்தாராம்.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு காது அடைப்பு என்று கிளினிக்குக்கு வந்த இன்ஸ்பெக்டர், இரண்டு சிடிகளை மேசைமேல் வைத்து, "வேண்டுமானால் வைத்துக்கொள், எனக்கு வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லியிருக்கிறார். துக்கத்தில் தன் ஊர்ப் பாட்டையே கேட்க முடியாமல் மனுஷர் தூக்கிக் கொடுக்கிறார் என்று மேல் நர்ஸ் முடிவு கட்டினார். அவர் சொன்னதை நானும் நம்பினேன். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரு தப்புத்தான் காரணம். எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற நான் இதை ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

"எட்டு வாரத்துல ஃபைனல் எக்ஸிட்ல ஒரேயடியா ஊருக்குப் போறாரு சார்" என்றார் மேல் நர்ஸ். "விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கெடக்கு, நாடி பிடிக்கையில பாத்தேன். இன்னும் ஒரு வருசம் தொடாம விட்டாருன்னா பெறகு நெனச்சாலும் மடங்காது. போறதுக்கு முன்னால ஒரு தடவ அந்தப் பெட்டிய தொறக்க வைக்கணும். மருந்து எனக்கிட்ட இல்ல. இதுதான் இருக்கு" என்று சிடியைத் தட்டினார். அவருடைய ஊர்ப் பாட்டை நாமே வாசித்துக் காட்டினால் கை தானாகத் துடிக்கும் என்பது அவர் திட்டம்.

ஆட்கள் சேர்ந்தார்கள். வயலின் மேல் நர்ஸ். கிட்டார், தூத்துக்குடிக்காரரான பைப் ஃபிட்டர். அவரும் கோயில் பாடகர் குழுவில் இருந்தவர்தான். பாட, சிவகங்கைப் பக்கத்து மெஸ் சமையல்காரர். இரும்புச் சட்டியின் இரைச்சலை மீறி ஆள் கூப்பிட்டுப் பழகியதால் அவர் குரல் எந்த உயரத்துக்கும் போகும். அந்த சிடியில் பாடுகிறவரும் அப்படித்தான், மூக்கின் உச்சியில் நின்று பாடினார். எனக்குக் கொடுத்த வேலை கைதட்டுவது. புளூகிராஸில் மத்தளம், டிரம் எதுவும் கிடையாது. "டிரம் மாஃபி. நீங்கதான் சார் டிரம்மு" என்றார் ஃபிட்டர். இல்லை என்பதற்கு அங்கே எல்லா நாட்டுக்காரனும் சொல்லும் அரபுச் சொல் மாஃபி, முடிந்தது என்பதற்குக் கலாஸ்.

வெள்ளிக்கிழமை மட்டுமே விடுமுறை. சாப்பாடு முடிந்ததும் மெஸ்ஸை ஒட்டிய பொழுதுபோக்கு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு பாட்டுகளைப் பயின்றோம். சிடி உறையில் பாட்டுகளின் பெயர்களும், புல் மேட்டில் நான்கு பேர் ஒரே மைக்கைச் சுற்றி நிற்கும் படமும் இருந்தன. அதுதான் அவர்கள் வழக்கம் போலும் என்று தெரிந்துகொண்டோம். பாடுகிறவன் முன்னால் வர வேண்டும், வயலினின் முறை வந்ததும் அவன் விலக வேண்டும், வயலின் முடிந்ததும் கிட்டார் நுழைய வேண்டும். எங்களிடமும் இருந்தது ஒரே மைக்தான், பாதுகாப்பு அறிவிப்பு செய்வது. யார் எந்த அடியில் நுழைவது, எந்த அடியில் விலகுவது என்று நான் கட்டம் போட்டு எழுதினேன். ஸ்டோரிலிருந்த மஞ்சள் நாடாவைத் தரையில் ஒட்டிப் பாத இடங்களைக் குறித்தேன். மொத்தம் பதினான்கு இடம். இரண்டாம் வாரம் சமையல்காரர் ஓரடி முந்திக்கொள்ள, ஒதுங்கிய ஃபிட்டரின் காதில் வயலின் வில் குத்தியது. குத்தியவரே கட்டும் போட்டார். "எண்ணே, இவ்வளவு நாளும் சைட்ல ஒரு கீறல் இல்ல. பாட்டுப் பாடி அடிபட்டேன்னு வீட்டுல எப்படிச் சொல்ல?" என்று ஃபிட்டர் அலுத்துக்கொண்டார்.

ஆங்கில வரிகளைச் சமையல்காரர் காதால் கேட்டுத் தமிழில் எழுதிக்கொண்டார். அர்த்தம் அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் பாதிதான் புரிந்தது. நெடுஞ்சாலை என்று ஒன்றில் வந்தது. நரகம் என்று இன்னொன்றில் வந்தது. மலைநாட்டுக் கிறிஸ்தவர்கள் நரகத்தை நினைத்துப் பாடுவது இயல்புதானே என்றார் மேல் நர்ஸ். ஐந்தாம் வாரம் மருந்துப் பெட்டிகள் எடுக்க அவரும் நானும் கேம்ப் பிக்கப்பில் டவுனுக்குப் போனோம். ஏதோ ஓர் ஆங்கில வானொலியை டிரைவர் திருப்பினார். எங்கள் மூன்றாவது பாட்டு வந்தது. ஆனால் மின்சாரக் கிட்டார் அலற, டிரம் இடிக்க, பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்தினான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "எந்தப் பாவி இத இப்பிடி நாசமாக்கினான்?" என்றார் மேல் நர்ஸ். நல்ல பழம்பாட்டை இந்தக் காலத்துப் பையன்கள் கெடுப்பது எல்லா நாட்டிலும் உண்டு என்று நான் ஆறுதல் சொன்னேன்.

பிரிவு உபசாரம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். நாற்காலி நாற்பத்து மூன்று. நின்றவர்களை எண்ண நேரமில்லை. இன்ஸ்பெக்டர் இஸ்திரி போட்ட சட்டையுடன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். மேல் நர்ஸ் சுருக்கமாக ஆங்கிலத்தில், உங்கள் ஊரை உங்களுக்குத் திருப்பித் தருகிறோம் என்று சொன்னார். ஆரம்பித்தோம்.

முதல் பாட்டில் இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. இரண்டாவதில் தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. மேல் நர்ஸின் கண்கள் மின்னின. என் பக்கம் சாய்ந்து, "அழுகாரு சார், நிறுத்தாதீங்க" என்றார். நிறுத்தாமல் ஆறையும் வாசித்தோம். பதினான்கு இடத்திலும் பாதம் பிசகவில்லை. முடிந்ததும் தொப்பி இறங்கியது. கண்ணில் தண்ணீர் இருந்தது உண்மை. மனுஷர் சிரித்துச் சிரித்து முகம் சிவந்திருந்தார்.

எழுந்து ஒவ்வொருவர் கையையும் குலுக்கிவிட்டுச் சொன்னார். இவற்றில் ஒன்றுகூட அவர் ஊர்ப் பாட்டில்லை. அத்தனையும் ராக் பாட்டுகள். அவர் மகன் பதினாறு வயதில் கதவைச் சாத்திக்கொண்டு வீடு அதிர வைத்துக் கேட்டவை. இதற்காகவே அப்பாவுக்கும் மகனுக்கும் வருடக்கணக்கில் சண்டை. அந்த ராக் பாட்டுகளைப் பேஞ்சோவும் வயலினும் வைத்து வாசித்து யாரோ சிடி போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று மகன் அதை வாங்கி அனுப்பியிருக்கிறான். ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்க முடியாமல் இவர் கிளினிக்கில் கொண்டுவந்து தள்ளியிருக்கிறார். "வெல்டிங் அருமை. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பைப்தான் தப்பான பைப்" என்றார்.

அறை சிரித்தது. மேல் நர்ஸ் சிரிக்கவில்லை. வில்லைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். எட்டு வாரத்தில் மீதி இருந்தது மூன்று நாள். சமையல்காரர் சும்மா இருக்கிற ஆளில்லை. "என்ன டாக்டரே, மாப்பிள்ள வீட்டுப் பாட்டுன்னு சொல்லி எதுத்த வீட்டுக்காரன் பாட்டப் பாட வச்சுப்புட்டீகளே" என்றார்.

இன்ஸ்பெக்டர் உட்காரப் போனவர் நின்று, "நீங்கள் உங்களுக்காகப் பாடுவது எது?" என்று கேட்டார். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் கேம்பில் ஒருவருக்கும் குடும்ப விசா கிடையாது. எங்கள் எல்லாருக்கும் பிடித்த ஒரு பாட்டு இருந்தது. படத்தின் பெயர்கூட மறந்துபோன பழைய படப்பாட்டு. மனைவி தாய்வீடு போயிருக்க, ரசம் வைக்கத் தெரியாமல் தவிக்கும் ஒருவனின் வேடிக்கைப் பாட்டு. சமையல்காரர் எடுத்தார்:

புளி கரைச்சேன் உப்புப் போட்டேன், போனவளக் காணலியே,
பொங்கி ரசம் வழியுதம்மா, பொழுது ஒண்ணும் விடியலியே.

எட்டு வாரப் பழக்கத்தில் வயலினும் கிட்டாரும் தாமாகவே சிடியின் நடையில் ஓடின. படத்தில் தவிலும் நாகசுரமும் வரும் இடத்தில் வயலின் பாய்ந்தது. நான் கைதட்ட, அறை முழுக்கக் கைதட்டியது. முதல் சரணம் முடிந்ததும் இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார். இதன் பொருள் என்ன என்றார். மேல் நர்ஸ் நல்ல வார்த்தையாகத் தேடிக்கொண்டிருக்கும்போதே சமையல்காரர் முந்திக்கொண்டார். "சார், ஒய்ஃப் மாஃபி. மேன் ரசம் மேக்கிங். ரசம் நோ குட். நைட்டு கலாஸ் இல்ல."

மனைவியை இழந்தவரிடம் போய் ஒய்ஃப் மாஃபி என்று சொல்லிவிட்டார் என்பது எல்லாருக்கும் புரிந்தது. சமையல்காரருக்குக் கடைசியாகப் புரிந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அந்த மௌனம் எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியும். ஏழு வினாடி.

"எங்கள் பக்கத்துப் பாட்டில் பாதிக்கு மேல் இதுதான்" என்றார் இன்ஸ்பெக்டர். "அவள் போய்விட்டாள். வீடு காலி. அடுப்பு சரியாக எரியவில்லை. இவ்வளவு நேரம் நீங்கள் வாசித்ததில் இது ஒன்றுதான் எங்கள் பாட்டு." பிறகு நேராக என்னிடம் வந்தார். முகம் சைட்டில் பார்க்கும் முகமாக மாறியிருந்தது. "ஆனால் இந்தக் கைதட்டல் இருக்கிறதே, இதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்."

எங்கள் கை முதல் அடியில் விழும். பஜனை என்றாலும் கோயில் கீதம் என்றாலும் முதல் அடியில்தான். அவர்களுக்கு அங்கே கை விழக் கூடாதாம். இரண்டாவதிலும் நான்காவதிலும்தான் விழ வேண்டுமாம். என் மணிக்கட்டைப் பிடித்து, முதல் அடியில் இழுத்து நிறுத்தி, இரண்டாவதில் விட்டார். நான்கு தடவை சரியாக வந்தது. ஐந்தாவதில் கை தானாகப் பழைய இடத்துக்குப் போனது. அறையில் ஒருவருக்கும் வரவில்லை. எண்ணுவதே தொழிலாக இருந்த எனக்கே வராதபோது யாரைச் சொல்வது? இன்ஸ்பெக்டர் இப்படியும் அப்படியும் நடந்தார். கழுத்தைச் சொறிந்தார். தப்பான பற்றவைப்பைக் கண்டால் அவரால் அடுத்த குழாய்க்குப் போக முடியாது. கடைசியில் மேல் நர்ஸைப் பார்த்து, "கட்டிலுக்கு அடியில் இருக்கிறதைக் கொண்டு வா" என்று சாவியை நீட்டினார்.

மேல் நர்ஸ் ஓடியதை நான் அன்று ஒருநாள்தான் பார்த்தேன். அவசரக் கேஸுக்குக்கூட வேகமாக நடக்கிறவர்தான். ஒரு செருப்பு வாசலிலேயே கழன்றுவிட்டது.

பெட்டி திறந்தது. ஐந்து கம்பியையும் முறுக்கி ஏற்றினார். மூன்று விரல்களில் உலோக உறைகளை மாட்டினார். நடுவிரல் உறை வீங்கிய மூட்டில் ஏறாமல் நின்றது. கொஞ்சம் வளைத்து மாட்டிக்கொண்டார். "கட்டைவிரல் அடிக்கும் இடத்தில் தட்டாதீர்கள். அதற்கு அடுத்த இடத்தில்" என்று மிரட்டிவிட்டு ரசப் பாட்டை எடுத்தார். முதலில் தடுமாறியது. மூன்றாவது சுற்றில் வாஷர்கள் தட்டில் விழ ஆரம்பித்தன. சமையல்காரர் வாயிலிருந்து கையை எடுத்துப் பாடினார். மஞ்சள் நாடாக்களை யாரும் பார்க்கவில்லை. மைக்கை விட்டு விலக வேண்டியவர்கள் விலகவில்லை. எங்கள் கைகள் எப்போது சரியான இடத்துக்கு வந்தன என்று தெரியாது, வந்துவிட்டன. மாலைத் தேநீர் மணி அடிக்கும்வரை அந்த ஒரே பாட்டைப் பதினொரு முறை வாசித்தார்கள். மேல் நர்ஸின் முகத்தை வயலின் பாதி மறைத்ததால் அதில் என்ன தெரிந்தது என்று சொல்ல முடியவில்லை. வெளியே வரும்போது மற்றச் செருப்பைத் தேடிக்கொண்டே, "நடுவெரல்கூட நல்லா மடங்குது சார்" என்று மட்டும் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டபடி பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நான்கு சரணம், பதினாறு வரி, கீழே பொருள். ரசம் என்றால் என்ன என்று கேட்டதால் அதன் செய்முறையையும் எழுதினேன். மூன்றாம் நாள் போய்விட்டார்.

ஏழெட்டு மாதம் கழித்து மேல் நர்ஸுக்கு மின்னஞ்சல் வந்தது. டவுனில் ஒரு நெட் கஃபேயில், இருந்த ஒரே ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதாக வைத்துக்கொண்டு, கூட வந்த பதிவைக் கேட்டோம். பேஞ்சோ அவர். கிட்டாரும் இரண்டாவது குரலும் மகன் என்று எழுதியிருந்தார். போனவள் பொனாவள் ஆகியிருந்தாள், ரசம் ராஸம் ஆகியிருந்தது. பின்னால் ஒரு கூட்டம் கைதட்டியது, எல்லாம் சரியான இடத்தில். எங்கிருந்து பிடித்தாய் இந்தப் பழைய பாட்டை என்று ஊரில் கேட்கிறார்களாம். ஜுபைலில் என்று சொன்னால், அது எந்த மலையில் இருக்கிறது என்கிறார்களாம். மேல் நர்ஸ் சிரித்துச் சிரித்து, கஃபேக்காரர் எங்களைத் திரும்பிப் பார்க்கும்படி ஆகிவிட்டது.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். சரணம் மூன்றுதான் இருந்தது. மறுபடி போடச் சொன்னேன். மூன்றுதான். காகிதத்தின் அடிப்பகுதி கிழிந்திருக்குமோ, கசங்கியிருக்குமோ, என் கையெழுத்து புரியவில்லையோ என்று எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. "விட்டதைத் திரும்ப எழுதி இப்போதே அனுப்பிவிடுவோம்" என்றேன்.

"எழுதாண்டாம் சார்" என்றார் மேல் நர்ஸ்.

"ஏன்? பாட்டு பாதியில் நிற்கிறதே."

"நாலாவது சரணம் என்ன சார்?"

நான் வரிகளை மனதுக்குள் ஓட்டினேன். நாலாவது சரணத்தில் மனைவி வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்குள் வருகிறாள், அகப்பையை அவன் கையிலிருந்து பிடுங்குகிறாள்.

மேல் நர்ஸ் ஹெட்போனைக் கழற்றி இரண்டு காதுகளையும் எனக்கே கொடுத்தார். இன்னொரு முறை கேட்டேன். அப்பாவும் மகனும் மூன்றாவது சரணத்தின் கடைசி வரியைச் சேர்ந்து பாடி, அதையே திருப்பிப் பாடி, சுத்தமாக முடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு கைதட்டல். கடிதத்தின் கடைசியில், மகனும் தானுமாக அந்த சூப்பை மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டதாகவும், மூன்று முறையும் வாயில் வைக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தார். பதிலை நான்தான் தட்டச்சு செய்தேன். மிளகு பன்னிரண்டு. அரைக்க வேண்டாம், தட்டிப் போடவும். ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும், கொதிக்க விடக் கூடாது. ஒருவர் கிளற, இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.